மேனேஜர் அண்ணன் என்கிற எங்க மாமா

மதுரையில் ஒரு சாவை ஊருக்குச் சொல்வது போஸ்டர்தான். மாமா போன அன்றைக்கு மத்தியானத்துக்குள் தெற்குமாசி வீதி முக்கில் ஒட்டிவிட்டார்கள். சிவப்பு எழுத்தில் கண்ணீர் அஞ்சலி, கீழே மாமாவின் படம். அது கடை அடையாள அட்டைக்காக எடுத்தது. கழுத்தில் தொங்குகிற அட்டையில் தபால்தலை அளவில் இருந்ததை ஆளுயரத்துக்கு இழுத்தால் எப்படி இருக்கும், மூக்கெல்லாம் கட்டம் கட்டமாக வந்திருந்தது. பெயர் போட்டு, அதற்குக் கீழே பட்டம் பதவி எழுதுகிற இடத்தில் "எங்கள் மேனேஜர் அண்ணன்" என்று மட்டும் இருந்தது. அச்சகத்துக்காரர் நல்ல தமிழில் மேலாளர் என்று மாற்றித் தரட்டுமா என்று கேட்டாராம். கடைப் பையன்கள் விடவில்லை.

மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. விளக்குத்தூணிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் நாற்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். கடைப் பெயரைப் போடவில்லை. அது மாமாவுக்குப் பிடிக்காது, "கடையைப் பத்தி வெளிய பேசாத" என்பது அவர் வீட்டில் போட்டிருந்த ஒரே சட்டம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினாறு வயதில் துணி பேல் (மூட்டை) தூக்கப் போனவர், கடைசி இருபத்தி சொச்சம் வருஷம் அந்த மாடிக் கட்டடம் முழுக்கக் கட்டி மேய்த்த மேனேஜர். போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இவரிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், அப்பாவைப் பற்றி ஏதாவது எழுதுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். "நீ எழுது, நான் எழுதினா கோபம் வந்துரும்" என்றார். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் எழுதப் பார்க்கிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது மாமனாராக இல்லை, மேனேஜராகத்தான். கல்யாணம் பேசி முடித்து, முகூர்த்தப் பட்டு எடுக்க ரெண்டு வீட்டாரும் சேர்ந்து அவர் கடைக்குத்தான் போனோம். மாப்பிள்ளையின் அப்பா மேனேஜர், அதனால் நல்ல தள்ளுபடி கிடைக்கும் என்று எங்க அப்பா போகிற வழியெல்லாம் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கடைக்குள் போனால் மாமா வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கும்பிட்டுவிட்டு, பட்டு செக்‌ஷனில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டு "சம்பந்தி வீட்டுக்குக் காட்டுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டார். எங்க அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் அம்மா பளபளவென்று மின்னுகிற ஒரு அரக்குப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். மாமா முந்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குனிந்து, கடைப் பையனுக்குக் கூடக் கேட்காத குரலில், "இம்புட்டு மினுக்குறது நல்லதுக்கில்ல சம்பந்தி, இது டெஸ்டட் ஜரிகை, அங்கிட்டு நாலாவது அடுக்குல ஒண்ணு இருக்கு, மங்கலா இருக்கும், அத எடுங்க" என்றார். டெஸ்டட் என்றால் அசல் வெள்ளி ஜரிகை இல்லை, சீக்கிரம் கறுத்துவிடும். அம்மா எடுத்த புடவையை விட அவர் சொன்னது விலை குறைவு. சரி, தள்ளுபடியைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துத் தருகிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டு பில் போடுகிற இடத்துக்குப் போனால், சீட்டில் இருந்த விலை, பைசா குறையவில்லை, வரிசையிலும் எங்களை நிற்க வைத்தார்கள். அப்பா அதை இன்னும் மறக்கவில்லை. மாமா காரியத்துக்கு வந்த அன்றைக்கும், அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்பது ரூவா கூடக் கொறைக்கல மனுசன்" என்றுதான் ஆரம்பித்தார்.

அந்தப் புடவை இப்பவும் என்னிடம் இருக்கிறது. பதினெட்டு வருஷம் ஆகிறது, ஜரிகை கறுக்கவில்லை. அதற்கும் மாமாதான் காரணம். பட்டை ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் மடித்த கோட்டிலேயே இழை விட்டுப்போகும், ஜரிகையும் அங்கேதான் முறியும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். கடையில் இதற்கென்று ஆள் போட்டுச் செய்வார்களாம். எங்கள் வீட்டில் மாமாவே செய்தார். ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு கிடையாது, ஆனால் காலையில் கொஞ்சம் மெதுவாகப் போகலாம், அந்த ஒரு மணி நேரத்தில் பீரோவைத் திறந்து அத்தையின் புடவை, நாத்தனார் புடவை, நான் வந்த பிறகு என் புடவை எல்லாவற்றையும் பாயில் பரப்பி மடிப்பை மாற்றி வைப்பார். பேச்சே இருக்காது. முந்தி உள்ளே போக வேண்டும், கரை கரைமேல் உட்கார வேண்டும். எந்தப் புடவை எந்த வருஷம் எதற்கு எடுத்தது என்பது அவர் விரலுக்கே தெரியும். கல்யாணமான புதிதில் மாமனார் என் புடவையைத் தொட்டு மடிக்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தை சிரித்தார். "அவருக்கு அது துணிம்மா. விடு, மடிச்சாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்."

வீட்டில் கடையைப் பற்றிப் பேசமாட்டாரே தவிர, தொழிலைப் பற்றிக் கேட்டால் சொல்லுவார். இது ரெண்டும் வேறு வேறு என்பது அவர் கட்சி. நான் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்ததில் ரெண்டு மட்டும் எழுதுகிறேன். வருகிற ஆள் இரண்டாயிரத்துக்குப் புடவை வேண்டும் என்று சொன்னால், முதலில் விரிக்கிற புடவை ஆயிரத்து எண்ணூறில் இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் மேலே விரித்தால் அவர்கள் மனசு சுருங்கிவிடும், பிறகு எதைக் காட்டினாலும் கண் ஏறாது. இது ஒன்று. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. முப்பது புடவையைப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் ஒருத்தர் எழுந்தால், அவர் கண் முன்னாலே அந்தப் புடவைகளை மடிக்கக் கூடாது. அவர் படி இறங்குகிற வரை அப்படியே கிடக்கட்டும். "அவங்க பாக்க மடிச்சா வைஞ்ச மாதிரிப்பா." புதிதாகச் சேருகிற பையனுக்கும் பொண்ணுக்கும் முதல் நாள் பாடம் இதுதானாம். இப்போது நான் எந்தக் கடைக்குப் போனாலும், வாங்காமல் எழுந்த அடுத்த நொடி பின்னாலே பட்பட்டென்று மடிக்கிற சத்தம் கேட்டால் மாமா ஞாபகம் வந்துவிடுகிறது.

சுங்குடியும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். எனக்கு மதுரைக்காரி என்று பெயரே தவிர, அச்சு போட்ட சுங்குடிக்கும் முடிச்சுப் போட்ட சுங்குடிக்கும் வித்தியாசம் தெரியாது. சௌராஷ்டிரப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றி ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் வருகிற புள்ளி அது. கையால் போட்ட புள்ளி ஒன்று போல் ஒன்று இருக்காது, தடவினால் முடிச்சு இருந்த இடம் மேடு தட்டும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஒரே தூரத்தில், அணிவகுப்பு மாதிரி நின்றால் அது அச்சு. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொன்னபோது மாமா, "குறியீடு கெடச்சுது சரி, முடிச்சுப் போடுற கைக்கு என்ன கெடச்சுது" என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

துணி வியாபாரிக்கு உரிய குசும்பும் உண்டு. என் பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் காந்தி பற்றி எழுதி வரச் சொன்னார்கள் என்று மாமா அவனை மேலமாசி வீதிக்குக் கூட்டிப் போனார். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி சட்டை, குல்லா எல்லாவற்றையும் விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறியது அங்கே உள்ள வீட்டில் தங்கியிருந்தபோதுதான். இப்போது அங்கே கதர்க்கடை இருக்கிறது. திரும்பி வந்த பையன் நோட்டில் எழுதிய முதல் வரி இது: "மதுரைக்கு வந்து துணி எடுத்துப் போகிறவர்கள்தான் எல்லாரும், துணியைக் குறைத்துக்கொண்டு போனவர் காந்தி ஒருவர்தான் என்று என் தாத்தா கூறுகிறார்." டீச்சர் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பினார். தாத்தா சொன்னதை மாற்ற மாட்டேன் என்று அவனும் அடம் பிடித்தான்.

முக்காலி விஷயத்தைச் சொல்லாமல் மாமாவைப் பற்றி எழுத முடியாது.

ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர உட்காருவதற்கு இடமே இருக்காது. ஆள் வராத நேரத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதை இல்லை என்பது முதலாளிகள் கணக்கு. மாமாவும் அப்படி நின்று வளர்ந்தவர்தான். நாற்பது வயதிலேயே கெண்டைக்காலில் நரம்பு கயிறு கயிறாகச் சுருட்டிக்கொண்டு, நீல நிறத்தில், பார்க்கவே பயமாக இருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்து ரெண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். பேரப்பிள்ளைகள் அவருக்கு ரெண்டு பக்கமும் படுத்து அதே மாதிரி காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு மங்கி, குதிகால் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்த ஆளிடம் அதை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டார் அத்தை.

மேனேஜர் ஆனதும் அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொரு செக்‌ஷனிலும் மேஜைக்குப் பின்னால் குட்டையாக ஒரு மர முக்காலி வாங்கிப் போட்டது. வெளியே நிற்கிற ஆளுக்குத் தெரியாது, அவ்வளவு குட்டை. கூட்டம் இல்லாதபோது மாற்றி மாற்றிப் பத்து நிமிஷம் உட்காரலாம். முதலாளிக்குத் தெரிந்து கூப்பிட்டுக் கேட்டார். மாமா, "மேல் அடுக்குல துணி எட்டல, ஏறி நிக்கப் போட்டது" என்றாராம். முதலாளியும் முட்டாள் இல்லை, புரிந்துகொண்டு விட்டுவிட்டார். அந்த மாதிரி முதலாளி கிடைத்ததையும் சொல்லத்தான் வேண்டும். இதெல்லாம் நடந்து வெகுகாலம் கழித்து, 2021 செப்டம்பரில், தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள், வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை போட வேண்டும் என்று. 1947-இல் போட்ட சட்டம் அது. கேரளாவில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். பேப்பரில் அந்தச் செய்தியை நான்தான் வாசித்துக் காட்டினேன். மாமா அப்போது வேலையை விட்டு நின்றிருந்தார். காலைச் சுவரில் வைத்தபடியே கேட்டார். பெரிய சந்தோஷம் எதுவும் காட்டவில்லை. "இருக்கை போடச் சொன்னாங்களா, உக்கார விடச் சொன்னாங்களா, நல்லாப் பாரு" என்றார். உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம் என்று இருக்கிறது மாமா என்றேன். "ம்" என்றார். "வாய்ப்பு யாரு குடுக்கிறது."

எனக்கு இவரோடு அடிக்கடி வருகிற வாக்குவாதம் ஒன்று உண்டு. போஸ்டரில் "சிறந்த குடும்பத் தலைவர்" என்றும் ஒரு வரி போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு இவர், "தலைவர் எந்தக் குடும்பத்துக்குன்னு போடல பாரு" என்றார். கசப்பு நியாயமானதுதான். தீபாவளிக்கு முந்தின நாள் தெற்குமாசி வீதியும் விளக்குத்தூணும் விடிய விடிய தூங்காது. பிளாட்பாரத்தில் நைட்டி, பனியன், பிள்ளைகள் சட்டை என்று கூவிக் கூவி விற்பார்கள். வேலை முடிந்து கூலி வாங்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து துணி எடுக்கிற ஜனம் ஏராளம், அவர்களுக்காகப் பெரிய கடைகளும் நள்ளிரவு தாண்டித் திறந்திருக்கும். மாமா வீட்டுக்கு வரும்போது மணி நாலு இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சாமி கும்பிட்டு, ஒரு இட்லி சாப்பிட்டு, பிள்ளைகள் வெடி போடுகிற சத்தத்திலேயே தூங்கிவிடுவார். ஊருக்கெல்லாம் புதுத்துணி எடுத்துக் கொடுத்த மனுஷன் தன் பிள்ளைகள் புதுத்துணி போட்டதைப் பார்த்ததில்லை என்பது இவர் சொல்லும் குற்றச்சாட்டு. பள்ளி ஆண்டு விழா, பத்தாவது ரிசல்ட், முதல் வேலைக்கு ரயில் ஏறியது, எதிலும் அப்பா இல்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், வைகாசி முகூர்த்தம் என்று அவருக்கு வேறு காலண்டர்.

நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மருமகளாக வந்தவளுக்குத் தெரிகிற பக்கம் ஒன்று உண்டு. நாத்தனாருக்குப் பிரசவம் ஆடித் தள்ளுபடி நேரத்தில் வந்தது. மாமா கடை அடைத்து, கணக்கு முடித்து, பதினோரு மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. மாமா சண்டை போடவில்லை, போன் செய்து எங்களைக் கூப்பிடவும் இல்லை. கையில் ஒரு துணிப்பை, அதில் மெத்தென்று தண்ணீரில் அலசிக் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகள், பிள்ளையைச் சுற்ற. புதுத்துணி பச்சைப் பிள்ளைக்கு உறுத்தும் என்று ஒரு மாதமாகவே தன் பழைய எட்டு முழ வேட்டிகளைக் கிழித்துத் தயார் செய்து வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு காலை ஐந்தரை மணி வரைக்கும் கேட்டுக்கு வெளியிலே நின்றார். நான் பால் வாங்க வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். ஏன் மாமா, அந்தத் திண்ணையிலாவது உட்கார்ந்திருக்கலாமே என்றால், "நின்னு பழக்கம்த்தா" என்றார். பிள்ளையைப் பார்த்துவிட்டு அப்படியே கடைக்குப் போய்விட்டார்.

அப்புறம் பூ. எத்தனை மணி ஆனாலும் ராத்திரி வரும்போது அத்தைக்கு நாலு முழம் மல்லிகை இல்லாமல் வந்ததில்லை. அதிலும் தொழில் புத்தி. பூக்காரம்மா கையை மடக்கி முழம் போடுவாரே, அந்தக் கை சின்னக் கை, நாலு முழம் என்றால் நிஜத்தில் மூணே கால்தான் வரும் என்று வீட்டுக்கு வந்து தன் கையால் அளந்து அத்தையிடம் காட்டுவார். பூக்காரம்மாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. "வேற பூக்காரியப் பாக்க வேண்டியதுதான" என்று அத்தை. "அந்தம்மா கை வளருமா, பாவம்" என்று மாமா. இந்த ஒரே உரையாடலை வருஷக்கணக்காக நான் கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை மாறாமல்.

கடைப் பிள்ளைகள் விஷயத்தில் அவருக்கு இருந்த ஞாபகசக்தி வேறு மாதிரி. மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று சுற்று வட்டாரத்திலிருந்து வேலைக்கு வருகிற பெண் பிள்ளைகள் யார் யாருக்கு எந்த நேரம் கடைசி பஸ், அது பெரியாரிலிருந்தா மாட்டுத்தாவணியிலிருந்தா ஆரப்பாளையத்திலிருந்தா என்பது மனப்பாடம். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்த நேரத்துக்கு அரை மணி முன்னால், "ஏத்தா, உன் பஸ்ஸு" என்பார். அந்த மேஜையில் அவரே போய் நின்று புடவை விரிப்பார். மேனேஜரே விரிக்கிறாரே என்று ஜனம் கூச்சப்பட்டு ரெண்டு புடவை கூடுதலாக எடுத்துவிடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐநூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கு ரெண்டு நாள் கழித்து உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாண ஜவுளிக்கு வந்தது. பை நிறைய ஆயிரம் ரூபாய் நோட்டு, எல்லாம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. பெண்ணின் அப்பா கல்லாவுக்கு முன்னால் ஒன்றும் புரியாமல் நின்றாராம். மாமா தன் பேரில் பற்று எழுதி மொத்தத் துணியையும் கட்டைப்பையில் போட்டு அனுப்பிவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தது எப்படியென்றால், தை மாசம் ஒரு ஆள் அரை மூட்டை மொச்சையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டைத் தேடி வந்தார். பணத்தை ஏற்கெனவே கடையில் கட்டிவிட்டாராம், இது சும்மா. அந்த வருஷம் பொங்கலுக்கப்புறம் எங்கள் வீட்டில் மொச்சைக் குழம்பைத் தவிர வேறு எதுவும் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. அதே 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி. அது வரைக்கும் துணிக்கு வரி போட்டுப் பழக்கமில்லாத கடை. ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள ரெடிமேடுக்கு ஐந்து சதவீதம், அதற்கு மேல் பன்னிரண்டு என்று மாமா கம்ப்யூட்டர் பில்லிங்கை அந்த வயதில் பேரன் வயசுப் பையனிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். உட்கார்ந்து என்று எழுதிவிட்டேன். நின்றுதான் கற்றிருப்பார்.

வேலையை விட்டது 2020-இல். மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டு, சித்திரைத் திருவிழாவே ஜனம் இல்லாமல் போன வருஷம் அது. மாசி வீதியில் தேர் இல்லை, அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மே 4-ஆம் தேதி மீனாட்சி கல்யாணத்தை போனில் பார்த்து அத்தையும் நானும் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். மாமாவுக்குக் கவலையெல்லாம் பூட்டிக் கிடக்கிற பட்டைப் பற்றி. மடிப்பு மாற்றாமல் கிடக்கிறதே, எலி புகுந்தால் என்ன செய்வது என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். திறந்ததும் முதல் வேலையாக ஒரு வாரம் போய் எல்லாப் பட்டையும் மடிப்பு மாற்றி வைத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கடைக்குள் கால் வைக்கவில்லை. "புது மேனேஜர் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வேலை பாக்க வேண்டியிருக்கும்" என்றார். ஆனால் காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு மாசி வீதியைத்தான் சுற்றுவார், ஷட்டர் தூக்குகிற நேரத்துக்கு. வீட்டில் எங்கள் துவைத்த துணியெல்லாம் கடைத் துணி மாதிரி அடுக்கப்பட்டது. என் சின்னவளின் பள்ளிச் சீருடைகூட விசிறி மடிப்பில் இருந்தது.

அவர் உண்மையாகக் கோபப்பட்டு வைவது இரண்டே காரியத்துக்குத்தான். ஒன்று, பரிசாகக் கொடுக்கிற துணியில் விலைச் சீட்டைக் கிழிக்காமல் விடுவது. இன்னொன்று, அந்தச் சீட்டின் மூலையில் இருக்கிற எழுத்தைப் பற்றி வெளியில் பேசுவது. பழைய ஜவுளிக்கடைகளில் இந்த வழக்கம் உண்டு. பத்து எழுத்து உள்ள ஒரு சொல், எந்த எழுத்தும் திரும்பி வரக் கூடாது, முதல் எழுத்து 1, இரண்டாவது 2, கடைசி எழுத்து 0. துணியின் அடக்க விலையை அந்த எழுத்துகளில் சீட்டில் எழுதிவிடுவார்கள். வாங்க வந்தவருக்கு ஒன்றும் புரியாது, கடைக்காரருக்கு எதுவரை இறங்கலாம் என்று ஒரே பார்வையில் தெரியும். இவரும் நாத்தனாரும் சின்ன வயதில் எத்தனையோ சொல்லைப் போட்டுப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். அத்தைக்கே தெரியாது. பார்கோடு வந்த பிறகும் அந்தக் கடையில் மூலையில் அந்த எழுத்து இருக்கிறது.

விடியற்காலையில் நெஞ்சு வலி என்றார், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

பந்தலில் ஐம்பது நாற்காலி வாடகைக்குப் போட்டிருந்தோம். பத்து மணிக்கெல்லாம் கடைப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இப்போது இருக்கிறவர்கள், முன்னால் வேலை பார்த்துக் கல்யாணமாகிப் போனவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். ஒருத்தரும் உட்காரவில்லை. நாற்காலி காலியாகக் கிடக்க, சுவரை ஒட்டி வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கடையில் நிற்கிற மாதிரியே. எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் அத்தை உள்ளேயிருந்து எழுந்து வந்து, அழுத குரலில் அதட்டி, "உக்காருங்கத்தா, அவரு பாத்தா வைவாரு" என்றார். அப்புறம்தான் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும்தான் எல்லாரும் சத்தமாக அழ ஆரம்பித்தார்கள்.

கோடி போடுவது உறவு முறைக்காரர்கள் செய்வது. கடைப் பையன்களும் ஒரு எட்டு முழ வேட்டி எடுத்து வந்திருந்தார்கள். இது முறையா என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அத்தை போடட்டும் என்றார். மேலே போர்த்தும்போது பார்க்கிறேன், கரை ஓரத்தில் விலைச் சீட்டு தொங்குகிறது, அழுகையில் எவனோ கிழிக்க மறந்துவிட்டான். யாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் பிய்த்து முந்தியில் முடிந்துகொண்டேன். தத்தனேரிச் சுடுகாட்டுக்கு அவர் சீட்டு இல்லாத வேட்டியோடுதான் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேட்டி செக்‌ஷன் பெரியவர் வந்திருந்தார், மாமாவோடு முப்பது வருஷம் நின்றவர். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினேன். விலை அச்சில் இருந்தது, மூலையில் பேனாவால் நாலு எழுத்து. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், உதடு அசைந்தது. எவ்வளவுண்ணே என்று கேட்டேன். சீட்டை நாலாக மடித்துத் திருப்பி என் கையில் வைத்தார்.

"வேணாம்மா. அண்ணே வைவாரு."